சிறிய கார்களுக்கான சப்வூஃபர்: தேர்வும் வயரிங்கும்

சப்வூஃபர் என்பது மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளை மட்டும் எழுப்புவதற்கென வடிவமைக்கப்பட்ட ஒலிபெருக்கி ஆகும். மனிதச் செவி 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை உணரும். கார்களில் பொருத்தப்படும் சப்வூஃபர் பொதுவாக 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பகுதியைப் பார்த்துக்கொள்கிறது. பேஸ் கிதாரின் தடித்த தந்தி எழுப்பும் 41 ஹெர்ட்ஸ் சுரம் இந்தப் பகுதியில்தான் வருகிறது. இளையராஜா பாடல்களை வீட்டில் நல்ல கருவியில் கேட்டுவிட்டுக் காரில் கேட்பவர்களுக்கு, பாட்டின் அடித்தளம் காணாமற்போனது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

குறைந்த செலவில் சப்வூஃபர் வாங்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் எண்ணை. கேட்கத் தவறுவது மூன்று: ஓம் கணக்கு, வயரின் பருமன், பேட்டரிக்கு அருகே இருக்கவேண்டிய ஃபியூஸ். முதலாவது தவறினால் ஆம்ப்ளிஃபயர் போகும். மற்ற இரண்டும் தவறினால் காரே தீப்பிடிக்கலாம். இவற்றைப் புரிந்துகொள்ளப் பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடமே போதுமானது.

கதவு ஒலிபெருக்கி ஏன் போதாது?

ஒரே அளவு சத்தத்தோடு அதிர்வெண் பாதியானால், ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு காற்றைத் தள்ளவேண்டும். 100 ஹெர்ட்ஸில் இருந்து 25 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் 16 மடங்கு. கதவில் உள்ள ஆறரை அங்குல ஒலிபெருக்கியின் கூம்பு அவ்வளவு தூரம் முன்பின் அசைய முடியாது. 10 அங்குல சப்வூஃபரின் பரப்பு அதைப்போல் ஏறத்தாழ 2.3 மடங்கு, அது அசையும் தூரமும் அதிகம்.

கார் இதற்கு ஓர் உதவியும் செய்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். காரின் உட்புறம் அதைவிடச் சிறியது என்பதால், மூடிய காருக்குள் தாழ்ந்த ஒலிகள் தாமாகவே வலுப்பெறுகின்றன. ஆகவே கடையின் திறந்த வெளியில் மெலிதாகக் கேட்கும் சப்வூஃபர் காருக்குள் கனமாகக் கேட்கும். சென்னை ஜி.பி. ரோடு போன்ற கார் உதிரிபாகக் கடைவீதிகளில் காட்சிப் பலகையில் வைத்து ஒலிக்கவிட்டுக் காட்டுவதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

வாட் என்னும் மாயை

அட்டைப்பெட்டியில் "2000 வாட்" என்று இருக்கும். சிறிய எழுத்தில் "மேக்ஸ்" அல்லது "பீக்" என்றும் இருக்கும். நொடியின் சிறு துளிநேரம் தாங்கக்கூடியதாக உற்பத்தியாளர் சொல்லிக்கொள்ளும் எண் அது. நமக்குத் தேவையானது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய அல்லது தாங்கக்கூடிய திறன். கார் ஆம்ப்ளிஃபயர்களுக்கென அமெரிக்காவில் வகுக்கப்பட்ட சி.இ.ஏ.-2006 என்ற தரம் 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு சதவீதத்துக்கு மேற்படாத உருக்குலைவு என்ற நிபந்தனைகளில் அளக்கச் சொல்கிறது. இந்தக் குறிப்பு பெட்டியில் இருந்தால் எண்ணை நம்பலாம்.

இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் செருகியுள்ள ஃபியூஸைப் பாருங்கள். அது பொய் சொல்லாது. ஃபியூஸின் ஆம்பியரை 13.8 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போகக்கூடிய திறன் கிடைக்கும். ஏ-பி வகை ஆம்ப்ளிஃபயர் அதில் ஏறத்தாழ பாதியையே ஒலியாக்கும். டி வகை 80 சதவீதம் வரை தரும். 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் உள்ளே போவது 414 வாட். வெளியே வருவது ஏ-பி வகையில் 200 வாட், டி வகையில் 330 வாட். இதன் மேல் 2000 வாட் என்று எழுதியிருந்தால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

டேஷ்போர்டு ஸ்டீரியோவின் மேல் எழுதியுள்ள "50 வாட் × 4" என்பதும் இத்தகையதே. 14.4 வோல்ட்டை நேரடியாகப் பயன்படுத்தி 4 ஓம் ஒலிபெருக்கிக்குத் தரக்கூடிய உச்சத் திறன், கணக்குப்படியே 26 வாட்தான். நடைமுறையில் அதற்கும் குறைவு. எனவே சப்வூஃபருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

இன்னொரு செய்தி: 300 வாட்டை 600 வாட்டாக்கினால் சத்தம் இரட்டிப்பாவதில்லை. 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூடவேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆகவே உணர்திறன் 87 டெசிபெல் உள்ள சப்வூஃபருக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்குவதைவிட 90 டெசிபெல் உள்ளதை வாங்குவது சிக்கனம். ஒரு சிறிய காருக்கு 200 முதல் 300 ஆர்.எம்.எஸ். வாட் போதும்.

எந்த வடிவம்?

பெட்டியில்லாமல் சப்வூஃபர் வேலை செய்யாது. கூம்பு முன்னே வரும்போது முன்புறக் காற்று அழுத்தப்படும். அதே நேரத்தில் பின்புறக் காற்று தளரும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பின்புற அலையைப் பிரித்து வைப்பதே பெட்டியின் முதல் வேலை.

முழுவதும் மூடிய பெட்டியில் உள்ளிருக்கும் காற்று வில் போலச் செயல்பட்டுக் கூம்பைக் கட்டுப்படுத்துகிறது. பெட்டி சிறியது, தாளம் தெளிவாக இருக்கும், செய்வதும் எளிது. குழாய் வைத்த பெட்டி அதே வாட்டுக்கு அதிகச் சத்தம் தரும். ஆனால் பெரியது, குழாயின் நீளமும் விட்டமும் பிசகினால் இரைச்சல்தான் மிஞ்சும். நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் ஆகிய இருவர் 1961 முதல் 1970களின் தொடக்கம் வரை வெளியிட்ட ஆய்வுகளால் ஒலிபெருக்கிக்கு ஏற்ற பெட்டியைக் கணக்கிட முடிகிறது. அவர்கள் பெயரால் வழங்கும் அளவுகள் சப்வூஃபரோடு வரும் தாளில் இருக்கும். பெரும்பாலும் எத்தனை லிட்டர் பெட்டி தேவை என்பதையும் அத்தாளே சொல்லிவிடும்.

மூடிய பெட்டியை உள்ளூர்த் தச்சரிடமே செய்துகொள்ளலாம். 10 அங்குலத்துக்கு 20 முதல் 25 லிட்டர் என்பது பொதுவான அளவு. உள்ளளவு 38 × 30 × 22 செ.மீ. என்றால் 25 லிட்டர். ஒலிபெருக்கி அடைக்கும் ஒன்றரை லிட்டரைக் கழித்துக்கொள்ள வேண்டும். 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் செய்தால் வெளியளவு ஒவ்வொரு பக்கத்திலும் 3.6 செ.மீ. கூடும். இணைப்புகளில் பசையும் திருகும் இரண்டும் வேண்டும்; காற்று கசிந்தால் அது மூடிய பெட்டி ஆகாது. எம்.டி.எஃப். தண்ணீர் பட்டால் ஊதிவிடும், ஆகவே மழையில் டிக்கி ஒழுகும் காரானால் முதலில் ஒழுகலை அடைக்கவும்.

டிக்கியை இழக்க முடியாத குடும்பத்துக்கு இருக்கைக்கு அடியில் வைக்கும் தட்டையான வகை பொருந்தும். ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருப்பதால் ஓம் கணக்கும் தேவையில்லை. 30 ஹெர்ட்ஸ் அதிர்வை அதில் எதிர்பார்க்கக் கூடாது. பாட்டுக் கேட்க அது தாராளம். உருளை வடிவ "பேஸ் ட்யூப்" மலிவானது, ஆனால் உருண்டு போகாமல் பட்டையால் இறுகக் கட்டவேண்டும். விபத்தில் டிக்கியிலுள்ள பத்து கிலோ பொருள் இருக்கையை நோக்கிப் பாயும் என்பதைப் பெட்டி வைப்பவர்கள் எல்லோரும் நினைவில் கொள்வது நல்லது. டிக்கியில் சி.என்.ஜி. தொட்டி உள்ள கார்களில் தொட்டி, அதன் வால்வு, குழாய் ஆகியவற்றின் அருகே துளையிடவோ ஆம்ப்ளிஃபயர் பொருத்தவோ கூடாது.

ஓம் கணக்கு

சப்வூஃபரின் கூம்போடு ஒட்டிய கம்பிச்சுருள் வாய்ஸ் காயில் எனப்படும். அது மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு 2 அல்லது 4 ஓம் என்று குறிக்கப்பட்டிருக்கும். மல்டிமீட்டரில் 4 ஓம் சுருள் 3.2 முதல் 3.8 வரை காட்டும். நேர்மின்னோட்டத்தில் அளப்பதால் வரும் வேறுபாடு அது, பழுதல்ல.

திறன் என்பது மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தது. எனவே ஓம் குறைந்தால் ஆம்ப்ளிஃபயர் அதிக மின்னோட்டம் தரவேண்டும். ஒவ்வோர் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரு கீழெல்லை உண்டு. 2 ஓம் வரை தாங்கும் ஒன்றில் 1 ஓம் சுமையைக் கட்டினால் மின்னோட்டம் இரட்டிக்கும். நல்ல கருவி தானே நின்றுவிடும், மலிவான கருவியின் டிரான்சிஸ்டர்கள் எரியும்.

ஒரே சப்வூஃபரில் இரண்டு சுருள்கள் இருப்பது இப்போது வழக்கம். இரண்டும் 4 ஓம் என்றால், பக்க இணைப்பில் 2 ஓம், தொடர் இணைப்பில் 8 ஓம். 4 ஓம் கிடைக்காது. இரண்டும் 2 ஓம் என்றால் பக்க இணைப்பில் 1, தொடரில் 4. சிலர் ஒரு சுருளை மட்டும் இணைத்து மற்றதைத் தொங்கவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் தாங்கும் திறன் பாதியாகும். பெட்டிக்கான அளவுகளும் மாறிவிடும்.

இரண்டு சப்வூஃபர் வாங்குவோர் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். இரட்டை 4 ஓம் சுருள் உள்ள இரண்டை வாங்கினால், நான்கு சுருள்களையும் சமமாகப் பயன்படுத்தி 1, 4, 16 ஓம் ஆகியவற்றை மட்டுமே பெறலாம். எப்படி மாற்றிக் கட்டினாலும் 2 ஓம் வராது. கடைகளில் மலிவாகக் கிடைப்பதோ 2 ஓம் வரை தாங்கும் ஆம்ப்ளிஃபயர். அதற்கு இரட்டை 2 ஓம் சுருள் உள்ள இரண்டையோ, ஒற்றை 4 ஓம் சுருள் உள்ள இரண்டையோ வாங்கவேண்டும். முன்னதில் ஒவ்வொன்றின் சுருள்களையும் தொடரில் கட்டி 4 ஓம் ஆக்கி, இரண்டு 4 ஓம்களைப் பக்க இணைப்பாக்கினால் 2 ஓம் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயர் வாங்குமுன் தாளில் போட்டுப்பார்க்க வேண்டிய கணக்கு இது.

நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயரில் இரு சேனல்களை இணைத்து சப்வூஃபருக்குக் கொடுப்பது உண்டு. 4 ஓம் சுமையை அப்படிக் கட்டும்போது ஒவ்வொரு சேனலும் 2 ஓமையே உணரும். ஆகவே இம்முறையில் பெரும்பாலும் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது.

வயரும் ஃபியூஸும்

டி வகை ஆம்ப்ளிஃபயர், 300 வாட், 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதத் திறனில் அது எடுப்பது 375 வாட், 13.8 ஆல் வகுத்தால் 27 ஆம்பியர். முன்னே பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் வயர்.

8 சதுர மி.மீ. செம்பு வயரானால் அதன் மின்தடை 0.011 ஓம், மின்னழுத்த இழப்பு 0.3 வோல்ட். நல்லது. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மி.மீ. வயரைப் போட்டால் இழப்பு ஏறத்தாழ 1 வோல்ட். அதைவிட முக்கியம், உச்ச மின்னோட்டத்தில் 25 வாட் வெப்பம் அந்த வயரிலேயே உண்டாகிறது. கார்ப்பெட்டுக்கு அடியில் அது ஆற வழியில்லை.

கடையில் "கேஜ்" என்ற எண்ணில் கேட்பார்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்: 8 கேஜ் என்பது 8.4 சதுர மி.மீ., 4 கேஜ் என்பது 21 சதுர மி.மீ. மலிவான கிட்களில் வருவது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய இழை. ஒரே பருமனில் அது செம்பின் மூன்றில் இரண்டு பங்கே மின்சாரத்தைக் கடத்தும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கையில் எடுத்தாலே இலேசாக இருக்கும். ஏமாற்று என்று சொல்லாமல் விற்றால் அதையும் வாங்கலாம், ஒரு படி தடித்ததாக. தடித்த ரப்பர் உறைக்குள் மெல்லிய கம்பி வைத்து 4 கேஜ் என்று விற்பதைத்தான் மன்னிக்க முடியாது. நுனியை உரித்துப் பார்த்து வாங்குங்கள். மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு வயர், ஃபியூஸ், லக் ஆகியவற்றுக்கென்று ஒதுக்குவது என் கருத்தில் சரியான கணக்கு.

இனி ஃபியூஸ். ஆம்ப்ளிஃபயரிலேயே ஒன்று இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்ற கேள்வி வருவதுண்டு. ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காக்கிறது. பேட்டரியருகே இருப்பது வயரைக் காக்கிறது. எஞ்சின் அறைக்கும் டேஷ்போர்டுக்கும் இடையிலுள்ள இரும்புச் சுவரைத் துளைத்து வயர் வருகிறது. வண்டி அதிர அதிர, தகட்டின் விளிம்பு வயரின் உறையை அறுக்கிறது. கம்பி பாடியைத் தொட்டதும் பேட்டரியின் இரு முனைகளும் நேரடியாக இணைந்துவிடுகின்றன. சிறிய கார் பேட்டரிகூட அந்நிலையில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தரும். வயர் செஞ்சூடாகி, உறை உருகி, டேஷ்போர்டுக்கு அடியிலேயே தீ பிடிக்கும். சாவியைத் திருப்பி அணைத்தாலும் பயனில்லை, ஏனெனில் அந்த வயர் சாவி வழியாகப் போகவில்லை. அந்த மின்னோட்டம் ஆம்ப்ளிஃபயரை எட்டவே இல்லை என்பதால் கடைசியிலுள்ள ஃபியூஸ் ஒன்றும் செய்யாது.

ஆகவே பேட்டரி நேர்முனையிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்கவேண்டும். மேற்சொன்ன எடுத்துக்காட்டுக்கு 30 ஆம்பியர். "அடிக்கடி போகிறது" என்று 60 போடுவது, அதைவிடக் கொடுமையாக ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றுவது, இரண்டும் வேண்டாம். அடிக்கடி போனால் காரணத்தைத் தேடவேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடவும். ஃபியூஸை எல்லாம் முடிந்த பிறகே செருகவும். இரும்புச் சுவரில் ஏற்கெனவே வயர்க்கட்டு வரும் துளையின் ரப்பர் வழியாகவே புதிய வயரையும் எடுக்கலாம். புதுத்துளை போட்டால் ரப்பர் கிராமெட் கட்டாயம். தரையில் திருகு இறக்குமுன் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். பின்னிருக்கைக்குக் கீழே பெட்ரோல் டேங்க்கும், தரையை ஒட்டிப் பெட்ரோல், பிரேக் குழாய்களும் போகின்றன. மஞ்சள் நிற உறையோ கனெக்டரோ உள்ளது ஏர்பேக் வயர். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயர் உயர் மின்னழுத்தம். இரண்டையும் தொடக் கூடாது.

எர்த்தும் சிக்னலும்

மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புவது காரின் உடல் வழியாக. எர்த் வயரும் நேர்முனை வயரின் பருமனிலேயே, அரை மீட்டருக்குள் இருக்கவேண்டும். டிக்கித் தகட்டில் பெயின்ட்டைச் சுரண்டிப் பளிச்சென்று இரும்பு தெரியும் இடத்தில் லக் வைத்து முடுக்கி, மேலே பெயின்ட்டோ கிரீஸோ பூசவும். கடலோர ஊர்களில் இது இல்லாவிட்டால் துரு சீக்கிரமே பிடிக்கும். சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்த வேண்டாம், அது உயிர்காக்கும் போல்ட்.

வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோவில் பின்னால் ஆர்.சி.ஏ. துளைகள் இருக்கும். கம்பெனி ஸ்டீரியோவில் பெரும்பாலும் இருக்காது. அப்போது ஒலிபெருக்கி வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் "ஹை லெவல் இன்புட்" உள்ள ஆம்ப்ளிஃபயரை வாங்கினால் போதும், ஸ்டீரியோவை மாற்ற வேண்டியதில்லை. வயரை வெட்டாமல் கப்ளர் வழியாக இணைப்பது வாரண்டிக்கும் நல்லது. சிக்னல் வயர் ஒரு பக்கம், பேட்டரி வயர் மறுபக்கம் போகட்டும். நீலவெள்ளை ரிமோட் வயரை ஸ்டீரியோவிலிருந்தே எடுக்கவும். நேரடியாகப் பேட்டரியில் கொடுத்தால் ஆம்ப்ளிஃபயர் இரவெல்லாம் விழித்திருந்து காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

கெயின் வைப்பது

கெயின் திருகு சத்தத்தைக் கூட்டும் திருகு அல்ல. ஸ்டீரியோவின் சிக்னல் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரை ஈடுசெய்வது. அளவுக்கு மீறித் திருகினால் அலையின் உச்சி வெட்டப்பட்டுச் சதுரமாகும். ஒரே உச்சம் கொண்ட சதுர அலையில் சைன் அலையைப்போல் இருமடங்கு திறன் உண்டு. 300 வாட் சுருளில் 600 வாட் இறங்கினால் கருகும். "சின்ன ஆம்ப்தானே போட்டேன், சப் எப்படிப் போனது" என்பவர்களுக்கு விடை இதுதான்.

மல்டிமீட்டர் இருந்தால் சரியாக வைக்கலாம். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் காணவும்: 300 × 2 = 600, வர்க்கமூலம் 24.5 வோல்ட். சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட்டைச் சுழியில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை முக்கால் சத்தத்தில் ஓடவிட்டு, கெயினை மெல்லத் திருகி ஆம்ப்ளிஃபயர் முனையில் மாறுமின்னழுத்தம் 24.5 வரும்போது நிறுத்தவும். நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் 50 ஹெர்ட்ஸே என்பதால் மலிவான மீட்டர்கூட இதைச் சரியாகக் காட்டும். பிறகு லோ பாஸ் வடிகட்டியை 80 ஹெர்ட்ஸில் வைத்து, காதுக்கு ஒத்தபடி சற்றே மாற்றலாம். குழாய் வைத்த பெட்டியானால் சப்சானிக் வடிகட்டியும் போடவேண்டும்.

பொருத்திய பின்

இரவில் ஒவ்வோர் அடிக்கும் முகப்பு விளக்கு மங்கினால், கடைக்காரர் 1 ஃபாரட் கெப்பாசிட்டரைக் காட்டுவார். அது ஒரு வோல்ட் இறங்கும்போது தருவது ஒரு கூலூம் மின்னூட்டம். அதாவது 30 ஆம்பியரை ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரம். அந்தப் பணத்துக்கு எர்த் இணைப்பையும் பேட்டரி முனைகளையும் சரிபார்த்து, தேவையானால் வயரைத் தடிமனாக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்பவர்கள் இன்னொன்றைப் பார்க்கவேண்டும். பல சிறிய கார்களில் உள்ளது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. சராசரி 10 ஆம்பியர் எடுத்தால் இரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் காலி.

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஒலிபெருக்கியில் "ஙொய்" என்ற இரைச்சல் ஏறினால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. ஆர்.சி.ஏ. வயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு ஸ்டீரியோவின் எர்த்திலோ சிக்னல் வயர் போகும் பாதையிலோ இருக்கிறது. நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தை மீண்டும் சுரண்டி முடுக்கவேண்டும். டிக்கிக் கதவும் நம்பர் பிளேட்டும் கடகடவென்று ஆடினால் பின்னால் ஒரு துண்டு ஃபோம் டேப் ஒட்டினால் போதும்.